மார்கழிக் கோலமும் மாடிப் பூசணியும்

போன வாரம் செம்பூரில் ஒரு நர்சரியில் தலைகுனிந்து நின்றேன். செடிக்கு மருந்து வாங்கப் போனவள் நான்… திரும்பும்போது குற்றவாளி.

விஷயம் இதுதான். எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டி மொட்டைமாடியில் ஒரு பூசணிக்கொடி இருக்கிறது. வளர்ப்பவர் கீழ் ஃப்ளாட்டில் குடியிருக்கும் பாய். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கிறார். அவர் மனைவி போன ரம்ஜானுக்கு முன் இறந்துபோனார். அந்த அம்மா எடுத்துவைத்திருந்த விதைகளில் முளைத்தது ஒன்றே ஒன்று.

“ஒரு காய் முத்தினா போதும்மா, விதை எடுத்துருவேன். அவ வித்து இதோட நின்னுரக் கூடாது” என்றார் பாய்.

மார்கழி பிறந்தது. கோலத்துக்குப் பூசணிப்பூ வேண்டுமே — மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு எதற்கு அலைய வேண்டும்? பாயிடம் கேட்டேன். தாராளமாகப் பறித்துக்கொள்ளச் சொன்னார். நானும் பொறுப்பாகத்தான் பறித்தேன். அடியில் பிஞ்சு உள்ள பூக்களைத் தொடவே இல்லை. நீளக் காம்பில் வெறுமனே நிற்கும் பூக்களை மட்டும் — அவைதான் காய்க்கப்போவதில்லையே! தினமும் விடியற்காலையில், ஒன்றுவிடாமல்.

பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக எட்டு. பாய் தண்ணீரைக் கூட்டினார், உரத்தை மாற்றினார். பேச்சு மட்டும் குறைந்துபோனது. பக்கத்து டிரம்மில் அவர் போட்டிருந்த மக்காச்சோளமோ மணி பிடித்து நின்றது. மனசு கேட்காமல்தான் நர்சரிக்குப் போனேன்.

நர்சரிக்காரர் ஹிந்தியில் ஒரே கேள்வி கேட்டார் — ஆண்பூ இருக்கிறதா? நான் பறித்தது அத்தனையும் ஆண்பூ. மக்காச்சோளத்துக்குக் காற்று போதுமாம். அதன் மகரந்தம் லேசு, பறந்துபோய்க் கதிரின் நூலில் விழுந்துவிடும். பூசணியினுடையது கனம், பிசுபிசுப்பு. தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டுதான் பெண்பூவுக்குப் போக வேண்டும். தேனீ வந்தாலும் எடுத்துப்போக எதுவும் இல்லாமல் செய்திருக்கிறேன்.

வேண்டுமென்று செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம். நல்லபிள்ளையாக இருந்து செய்த தப்புக்கு…?

மறுநாள் நான் மாடிக்குப் போகவில்லை. காலிங்பெல் அடித்தது. வாசலில் பாய். கையில் நீளக் காம்போடு ஒரு பூசணிப்பூ.

“இன்னைக்கு நீங்க பறிக்கிற மாதிரி இது ஒண்ணுதாம்மா பூத்திருக்கு. ஒங்களைக் காணோமேன்னு நானே பறிச்சிட்டு வந்தேன்.”

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். பாய் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லிஃப்ட் பட்டனை அழுத்தினார்.

மாடியில் ஒரு பெண்பூ விரிந்திருந்தது. நர்சரிக்காரர் சொல்லித்தந்தபடி, கொண்டுவந்த பூவின் இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுவில் இருப்பதைப் பெண்பூவுக்குள் மெல்லத் தேய்க்கச் சொன்னேன். தேய்த்துக்கொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது.

“அவளும் காலையில வந்து இப்படித்தாம்மா பூவைப் பூவுல தேய்ச்சிட்டு நிப்பா. சும்மா வெளையாடுதாளோன்னு நெனச்சேன். ஏன்னு ஒருநாளும் கேக்கல.”

நானும் கேட்காதவள்தானே?

இன்றோடு ஆறு நாள். ஒன்பதாவது பிஞ்சு இன்னும் பச்சையாகவே இருக்கிறது. என் வாசலில் கோலம் மட்டும்தான்… பூ இல்லை.