வரிகளுக்குள் ஒரு விரிசல்

அந்தக் கத்தியில் விரிசல் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எழுத எழுத எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவேன்.

நானும் என் கூட்டாளியும் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், இரும்பைப் பழுக்கவைத்துப் பதப்படுத்தும் பிரிவில், ஒன்பது வருடம் ஒரே ஷிஃப்டில் நின்றவர்கள். நான் வாலாஜாபாத்துக்காரன். அவன் தென்காசிப் பக்கம். அந்த லைனை வேறு ஊருக்கு மாற்றியபோது எங்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வல்லம் வடகாலில் இரண்டு கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்த ஒரு தகர ஷெட்டை வாடகைக்கு எடுத்துக் கத்தி செய்ய ஆரம்பித்தோம்.

எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் சென்னையில் நல்ல வேலையில் இருப்பவர்கள். எல்லோரும் கேட்டது டமாஸ்கஸ். அமிலத்தில் கறுக்கும் எஃகு ஒன்று, கறுக்காத எஃகு ஒன்று. இரண்டிலும் தகடுகளாக எடுத்து மாற்றி மாற்றி அடுக்கி, ஒட்டுப் பிடிக்க வெங்காரப் பொடி தூவி, உலையில் பழுக்கவைத்து அடித்து ஒட்டவைப்போம். வெட்டி மடித்து மறுபடியும் அடிப்போம். கடைசியில் அமிலத்தில் முக்கினால் கத்தி முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் எழும்பும், ஈரத் தரையில் பெட்ரோல் சிந்தியதுபோல. வாங்கிக்கொண்டு போகிறவர்கள் படம் எடுத்துப் போடுவார்கள், எப்போதாவது ஓர் எலுமிச்சம்பழம் நறுக்குவார்கள். அப்படிப்பட்ட கத்தியில் எங்கேயோ ஓர் அடுக்கு சரியாக ஒட்டாமல் போயிருந்தால்கூட யாருக்கும் எதுவும் ஆகாது.

தினமும் வெட்டுவதற்கென்று டமாஸ்கஸ் கேட்டு வந்தது ஒரே ஓர் ஆள்தான். ஒரு பெரிய கம்பெனி கேன்டீனில் காய் வெட்டும் பிரிவைப் பார்த்துக்கொண்ட அக்கா. ஐம்பது வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஷெட்டுக்குள் வந்தார்.

"எங்க செஃப் ஒரு கத்தி வச்சிகினு கீறான் தம்பி. மேல வரி வரியா கீது. அந்த மாதிரி எனக்கு ஒண்ணு வோணும். அவன்துக்கு மேல நல்லா இருக்கணும்."

நான் சுவரில் மாட்டியிருந்த இரண்டைக் காட்டினேன். என் கூட்டாளி கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தான்.

"அக்கா, நீங்க தெனம் எவ்ளோ நேரம் வெட்டுவிய?"

"காலைல ஆறு மணிக்கு ஒக்காந்தா பதினோரு மணி ஆவும். மூட்டை மூட்டையா வெங்காயம், கோசு, பூசணி, எல்லாந்தான்."

"அப்போ இது ஒங்களுக்கு வேண்டாம்க்கா. ஒரே இரும்புல சாதாரணமா ஒண்ணு அடிச்சுத் தாரேன். இதுல அடுக்குக்கு அடுக்கு ஒட்டு இருக்கு. எந்த ஒட்டு எப்போ விடும்னு சொல்ல முடியாது. புளி, எலுமிச்சை பட்டா ஒடனே தொடைக்கணும், இல்லன்னா துரு ஏறிரும். பாக்கத்தான் அழகு."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். செஃப் ஒருநாள் கத்தியை மேடையிலேயே வைத்துவிட்டுப் போனில் பேசப் போயிருக்கிறான். ஒரு கோசை அதில் வெட்டிப் பார்த்திருக்கிறார் அக்கா. திரும்பி வந்தவன் திட்டவில்லை. டெட்டால் கொண்டுவரச் சொல்லி, காய் வெட்டும் பன்னிரண்டு பெண்களும் பார்க்க, அந்தக் கத்தியை மூன்று தடவை கழுவியிருக்கிறான். துடைத்த துணியைக் குப்பையில் போட்டிருக்கிறான்.

"அதுங்க பன்னண்டும் என் கீழ வேலை செய்றதுங்க தம்பி. அன்னியிலேர்ந்து நான் ஒரு வார்த்த சொன்னா, அதுங்க மூஞ்சில ஒரு சிரிப்பு வருது."

அந்தப் பெண்களை இவர் எப்படி நடத்துவார் என்பதும் பிறகு எனக்குக் கேள்விப்பட்டுத் தெரியும். மெதுவாக வெட்டுகிறவள் தொடையில் கத்திப் பிடியால் இடிப்பாராம். நல்லவர் என்று அவரைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் டெட்டால் கதையைச் சொன்னபோது அவர் குரல் ஒரே சீராக இருந்தது. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

என் கூட்டாளி யோசித்தான். "சரிக்கா. ஒரு வழி இருக்கு. நடுவுல ஒரே இரும்பு வைக்கேன். ரெண்டு பக்கமும் வரி போட்ட தகட்ட ஒட்டுதேன். வெட்டுத கூர் முழுக்க ஒரே இரும்பா இருக்கும். வரி பாதிதான் தெரியும். ஆனா நிக்கும். மூணு வாரம் ஆவும்."

"ஆயுத பூஜைக்கு வோணும். பத்து நாள்தான் கீது. கேன்டீன்ல எல்லா சாமானும் வச்சி படைப்போம். அவன் கத்தி பக்கத்துல என்து இருக்கணும்."

"பத்து நாள்ல ஆவாதுக்கா."

"ஆவும்" என்றேன் நான்.

அடித்துத் தயாராக விற்கும் டமாஸ்கஸ் பட்டை ஒன்றை வெளிமாநில வியாபாரி ஒருவரிடம் வாங்கி வைத்திருந்தேன். வரி முதுகிலிருந்து கூர்வரை இறங்கும், மிக அழகான பட்டை. வேறு ஒருவர் அடித்ததை நம்பி வெட்டக்கூடாது என்று கூட்டாளி அதைத் தொடாமலே வைத்திருந்தான். அதை எடுத்து, வெட்டி, தேய்த்து, பழுக்கவைத்து எண்ணெயில் முக்கி எடுத்தேன். சோதிக்கிற வேலை எப்போதும் அவனுடையது. கத்தியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வெளியே எடுத்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸைப் பொடித்து மேலே தூவினான். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் திரும்ப ஊறி வந்து பொடியை நனைக்கும். சிறிது நேரத்தில் கூருக்குச் சற்று மேலே, ஒரு விரல் நீளத்துக்கு, மயிர்க்கோடு போல ஈரம் தெரிந்தது.

"பாத்தியா மாப்ள" என்றான். மார்க்கரால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கத்தியை ஸ்கிராப் டப்பாவில் போட்டான். "பூஜைக்குச் சாதா கத்தி ஒண்ணு குடுத்து அனுப்பு. நான் வந்து நல்லதா அடிச்சுக் குடுக்கேன்."

அன்று சாயங்காலமே அவன் ஊருக்குக் கிளம்பினான். மனைவிக்குப் பிரசவ நேரம்.

அவன் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும். கம்பெனியிலும் அப்படித்தான். உலையின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்வான், மீட்டர் பிறகு அதையே காட்டும். சூப்பர்வைசர் என்னைத் தாண்டி அவனிடம் போய்க் கேட்பார். ஒன்பது வருடம் நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கத்தியை டப்பாவிலிருந்து நான் எடுத்ததற்கு அவசரம் காரணமில்லை, அக்கா மேல் இரக்கமும் காரணமில்லை. அவன் போட்ட வட்டத்தை அழிக்க வேண்டும் என்றுதான் எடுத்தேன். தின்னரால் துடைத்தேன், போய்விட்டது. கொஞ்சம் தேய்த்துவிட்டு, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் அமிலத்தில் வைத்தேன். வரிகள் ஆழமாக எழும்பின. நூறு வரிகளுக்கு நடுவே எது வரி, எது விரிசல் என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. சாதாரணக் கத்தியில் இப்படி மறைக்க முடியாது.

அக்கா வந்து கத்தியைக் கையில் வாங்கினார். தன் முகம் தெரிகிறதா என்று பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தத் தம்பி ஆவாதுன்னு சொன்னானே?"

"அவன் அப்படித்தான் பயப்படுவான்க்கா" என்றேன்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். சந்தனம், குங்குமம் வைத்து அடுக்கிய சாமான்களுக்கு நடுவே செஃப் குனிந்து அவர் கத்தியைப் பார்த்தானாம். எடுக்கக் கை நீட்டினானாம்.

"கைய கழுவிகினு வந்து தொடு சார்னு சொல்ட்டேன். எல்லாரும் பாக்க. பன்னண்டு பொம்பளைங்களும் கேட்டுகினு இருந்தாளுங்க!"

நானும் சத்தமாகச் சிரித்தேன்.

பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தோடு கூட்டாளி திரும்பி வந்தான். சாதாரணக் கத்தியைக் கொடுத்து அனுப்பினேன், அதுவே போதும் என்று சொல்லிவிட்டார் என்றேன். நம்பினான். அந்த ஸ்கிராப் டப்பாவை அதற்குள் எடைக்குப் போட்டிருந்தேன்.

கத்தி ஏழு வாரம் தாங்கியது. எட்டாவது வாரம், சாம்பாருக்குப் பரங்கிக்காய் வெட்டும்போது பாதியில் சிக்கிக்கொண்டிருக்கிறது. அக்கா இடது உள்ளங்கையைக் கத்தியின் முதுகில் வைத்து மொத்த உடம்பையும் கொடுத்து அமுக்கியிருக்கிறார். எல்லா சமையற்கட்டிலும் அப்படித்தான் அமுக்குவார்கள். கத்தி இரண்டாகப் போனது. அமுக்கிய வேகத்தில் கை அப்படியே உடைந்த துண்டின்மேல் இறங்கியது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் போகும் நரம்புகள் அறுந்துவிட்டன.

செஃப் எழுதிய விபத்து அறிக்கை மூன்றே வரி. ஊழியர் அனுமதி இல்லாமல் சொந்தக் கத்தியைக் கொண்டுவந்தார், அதனால் காயம், நிர்வாகம் பொறுப்பல்ல. அதில் பொய் ஒன்றுமில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் விரல்கள் மடங்கவில்லை. காய் வெட்டும் பிரிவில் அவருக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தது அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்திதான். ரத்தம் பட்ட மேடையை அவள் டெட்டால் ஊற்றிக் கழுவினாள் என்று அக்காவே சொன்னார்.

அதை அவர் சொன்னது எங்கள் ஷெட்டில் வைத்து. கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, உடைந்த இரண்டு துண்டுகளையும் ஒரு பால் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். கூட்டாளி கவரை வாங்கித் துண்டுகளைக் கையில் கொட்டினான். வரியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. உடைந்த வாயை வெளிச்சத்தில் பிடித்தான். புதிதாக உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மின்னியது. ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் கரி பிடித்த கறுப்பு. உலையில் இருக்கும்போதே திறந்துகிடந்த இடம் அது. அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

நான் முந்திக்கொண்டேன். "அக்கா, பரங்கிக்காயில போட்டு அந்த அமுக்கு அமுக்கினா எந்தக் கத்திதான் நிக்கும்?"

"நீ இரு" என்றார் அக்கா. அவனைப் பார்த்து, "நீ சொல்லு தம்பி. நீதான அன்னிக்கு வேணான்ன."

அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தான். பக்கத்துக் கம்பெனியில் பிரஸ் மெஷின் இறங்கி ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது பழைய விரிசல்க்கா" என்றான் கடைசியில். "நான் பாத்தேன். வட்டம் போட்டு ஸ்கிராப்புல போட்டுட்டுத்தான் ஊருக்குப் போனேன். இது எப்படி ஒங்க கைக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"டப்பால ரெண்டு மூணு கெடந்துச்சு. மாறிப் போயிருக்கும்" என்றேன். இவ்வளவு வருடத்தில் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு வேகமாக வந்த பொய் வேறில்லை.

அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவன் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? பாத்துட்டு முழுசா போட்டுட்டுப் போனியா? எங்க கேன்டீன்ல கெட்டுப்போன அரிசியில பினாயில் ஊத்திட்டுத்தான்டா கொட்டுவோம், யாரும் எடுத்துத் துன்னக் கூடாதுன்னு. நீ ஒரு தட்டு தட்டி ஒடைச்சுப் போட்டுருந்தா என் கை இருந்துருக்கும்ல? புள்ள பொறந்துச்சாமே. அத தூக்கும்போதெல்லாம் என் கைய நெனச்சுக்கோ."

கம்பெனியிலும் அதுதான் விதி, கழித்த பாகத்தை வெட்டிவிட்டுத்தான் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். அது அவனுக்கு நினைவு வந்ததை நான் பார்த்தேன். "மன்னிச்சிருங்கக்கா" என்றான். ஒரு தப்பும் செய்யாதவன் அதைச் சொன்னான், செய்தவன் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வந்தது குற்ற உணர்வு என்று எழுத ஆசைதான். வந்தது நிம்மதி.

அக்கா போன பிறகு அவன் உலையை அணைத்தான். கை கழுவினான், சட்டையை மாற்றினான், தன் சுத்தியலையும் இடுக்கியையும் ஒரு சாக்கில் சுற்றினான். வாசலில் நின்று, "வட்டத்த நீதான அழிச்ச?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டான். அதற்குப் பிறகு அவனை நான் பார்த்ததில்லை. ஊரில் இரும்புக் கேட், கிரில் செய்யும் பட்டறையில் இருக்கிறான் என்று கேள்வி.

என் ஷெட் இன்னும் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. தினம் பயன்படுத்த டமாஸ்கஸ் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், நடுவில் ஒரே இரும்பு இருக்கிறதா பாருங்கள், யார் அடித்தது என்று கேளுங்கள், வேலைக்கு என்றால் சாதாரணக் கத்தியே போதும் என்று சொல்கிறேன். எல்லாம் அவன் சொன்னதுதான். இப்படி நேர்மையாகச் சொல்பவரைப் பார்த்ததில்லை என்று நெட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

போன மாதம் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிரே அக்கா உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் சோறு போடுகிறாராம். தண்ணீர் பாட்டிலை இடது கையில் பிடிக்க முடியாமல் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி மூடியைத் திருகினார். வழுக்கியது. நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துத் திறந்து வாங்கிக் குடித்தார்.

ஒரகடம் மேம்பாலம் தெரிய ஆரம்பித்தபோது என்னிடம் பேசினார்.

"அந்தத் தென்காசித் தம்பி நம்பர் வச்சிகினு இருக்கியா?"

"எதுக்குக்கா?"

"அன்னிக்கு அவன அப்டி பேசிருக்கக் கூடாது. கொழந்தைய வேற இழுத்துட்டேன். அது நெஞ்சுலயே கீது. ஒரு வார்த்த சொல்லணும்."

அவர்கள் இருவரும் பேசினால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். வட்டம், தின்னர், நான் சொன்ன சாதாரணக் கத்தி, எல்லாம்.

"நம்பர் மாத்திட்டான்க்கா" என்றேன். "எங்க இருக்கான்னே தெரியல."

அக்கா தலையாட்டினார். அவர் இறங்கும் இடம் வந்ததும் வலது கையால் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினார். டிரைவர் அவசரப்படுத்தினான். என் சட்டைப்பையில் போன் இருந்தது. அதில் அவன் எண் இருந்தது. ஆட்டோ கிளம்பியது, நான் அவர் விட்டுப்போன இடத்துக்கு நகர்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.