முக்கொம்பு இசைக்குழுவின் ஒரே ரசிகை

"கேக்குறதுக்கு ஒரு ஆள்கூட வேணாம்ங்க எனக்கு. காலி நாற்காலிக்கு முன்னாடியும் இதே மாதிரிதான் வாசிப்பேன்" என்று கே.கே. நகர் அழகிரி ஒரு யூடியூப் பேட்டியில் முழங்கினார். பேட்டி எடுத்தவர் அப்போது தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழகிரி பகலில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்பவர். மாலையில் 'முக்கொம்பு' என்ற ராக் இசைக்குழுவின் தலைவர், கிட்டார், குரல். டிரம்ஸுக்குக் கிளமென்ட், பேஸ் கிட்டாருக்கு வசீம். ராக், ஜாஸ், ரெகே மூன்றும் கலக்கும் இடம் என்பதால் அந்தப் பெயர். நிஜ முக்கொம்பில் ஆறு கலப்பதில்லை, பிரிகிறது என்று எடுத்துச் சொன்னவர்களை அவர் மன்னித்துவிட்டார்.

குழுவின் மகத்தான படைப்பு, 'கொள்ளிடம் காயுது' என்ற ஒன்பது நிமிடப் பாட்டு. அதை மனிதர் முன்னால் முழுதாக வாசித்து முடித்ததே இல்லை என்பதுதான் குழுவின் சரித்திரம்.

கன்டோன்மென்ட்டில் ஒரு ஓட்டல் மொட்டை மாடியில் ஆரம்பித்தார்கள். மேனேஜர் ஓடிவந்தார். "சார், நிறுத்துங்க சார். கஸ்டமர் ரொட்டில பட்டர் வேணாம்னு சொல்றது சப்ளையருக்குக் கேக்க மாட்டேங்குது."

ஸ்ரீரங்கத்தில் ஒரு கலைவிழா, அதே பாட்டு. ரெகேயில் கிட்டார் தாளத்தின் மேல் விழாது, இடையில் விழும். முன்வரிசையில் தொடையில் தட்டிக்கொண்டிருந்த ரங்கநாதன் மாமா பாதியில் எழுந்தார். "ஏம்ப்பா, தாளம் விழற எடத்துல ஒருத்தருமே இல்லையே! எல்லாரும் எப்போ வருவேள்?" பாட்டை நிறுத்தி அழகிரி ரெகே இலக்கணத்தை விளக்கினார். மாமா பொறுமையாகக் கேட்டார். "கவலைப்படாதேங்கோ, சாதகம் பண்ணினா சரியாயிடும்" என்று ஆறுதல் சொன்னார். அதற்குள் அடுத்த நிகழ்ச்சிக்குத் திரை போட்டுவிட்டார்கள்.

அன்றிரவு அழகிரி சாப்பிடவில்லை. மனைவி பானுமதி கேட்டார்: "அதான் ஆளே வேணாமே? ஹெட்போன மாட்டிக்கிட்டு வீட்டுலயே வாசிங்களேன்."



பிறகு கிளமென்ட்டின் ஆபீஸ் நண்பரின் கல்யாண வரவேற்பில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். பெண்ணின் அப்பா முருகானந்தம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சினிமாப் பாட்டு மட்டும்தான். பந்தி நேரத்துல வேணும்னா உங்களோடது ஒண்ணு வாசிச்சுக்குங்க. யாரும் இருக்க மாட்டாங்க, தொந்தரவு இல்ல."

பந்தி தொடங்கியது. மண்டபம் துடைத்தாற்போல் காலியானது. மூன்றாவது வரிசையில் விஜயராணி என்ற அம்மாள் மட்டும், மடி நிறைய உறவினர்களின் கைப்பைகளோடு காவலுக்கு உட்கார்ந்திருந்தார். சுருதி சேர்த்து முடிக்கவே கால் மணி நேரம் ஆனது. அழகிரி அவரைப் பார்த்தே 'கொள்ளிடம் காயுது' பாடினார். அவர் கால் லேசாக ஆடியது. அழகிரிக்குக் குரல் கூடியது.

ஜாஸ் பகுதி வருவதற்கு முன்பே உறவினர்கள் கை துடைத்தபடி திரும்பினார்கள். "சித்தி, நீங்க போங்க, அடுத்த பந்தி போட்டாச்சு" என்று பைகளை வாங்கிக்கொண்டு பீடா தேடிப் போனார்கள். விஜயராணி எழுந்தார்.

அழகிரி மற்ற இருவருக்கும் 'நிறுத்தாதே' என்று கண் காட்டிவிட்டு, கிட்டாரை இறக்கி வைத்து, மேடையிலிருந்து குதித்தார்.

"அக்கா, உக்காருங்க. பாட்டு இன்னும் பாதி இருக்கு."

"பசிக்குதுப்பா."

"இங்கயே கொண்டாரேன்க்கா. எந்திரிக்காதீங்க."

பரோட்டா, குருமா, தயிர் சாதத்தோடு ஓடிவந்து தட்டை அவர் கையில் வைத்தார். மேடையில் வசீமும் கிளமென்ட்டும் ஒரே நாலு வரியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

விஜயராணி தட்டைப் பார்த்தார். "ஊறுகாய் வைக்கலையா தம்பி?"

அழகிரி பந்தியை நோக்கி மறுபடி நடந்தார்.