தறி ஓடும்போது வாங்க

என் சித்தி சுந்தரம்மாள் ரகசியம் சொன்னால் பக்கத்துத் தெருவிலிருந்து பதில் வரும். குறை அவள் மேல் இல்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், வீட்டுக்கு வீடு பேண்டேஜ் துணி நெய்யும் நடுவக்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே விசைத்தறிக்கு வேலைக்குப் போய்விட்டாள். பகலெல்லாம் அந்த இரைச்சலுக்குள் நிற்கிறவர்களுக்கு வெளியே வந்தாலும் குரல் இறங்காது. அவளும் பால்ச்சாமி சித்தப்பாவும் குழம்புக்கு என்ன காய் என்று பேசிக்கொண்டிருந்தால், புதிதாக வந்தவர்கள் விலக்கிவிட ஓடி வருவார்கள்.

1996இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். மைக் செட் இல்லாமலே பிரச்சாரம் செய்து சித்தி ஜெயித்தாள். கொடுத்த வாக்கு ஒன்றுதான்: "நர்ஸம்மாவ ஊருக்குள்ள உக்கார வைக்கேன்."

அதுவரை நர்ஸ் பஸ்ஸில் வந்து, பஸ் ஸ்டாப்பில் கண்ணில் பட்டவர்களுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, அதே பஸ் திரும்பும்போது ஏறிப் போய்விடுவார். நாட்டுக்கெல்லாம் காயத்துக்குத் துணி நெய்கிற ஊரில், தறியில் ஓடும் நாடாக்கட்டை விரலில் அடித்தால் கட்டுப் போட ஆள் கிடையாது. பிரசவ வலி என்றால் டிராக்டரில்தான் ராஜபாளையம்.

சித்தி யூனியன் ஆபீஸுக்கு நடையாய் நடந்தாள். "உங்க ஊர்ல ஒரு ரூம் காட்டுங்கம்மா, நர்ஸை அனுப்புறோம்" என்றார்கள். ஊரில் காலி இடம் ஏது? எங்கே ஓடு வேய்ந்தாலும் கீழே தறி இருக்கும். கடைசியில் சங்கரலிங்கம் முதலாளி, தன் தறிக்கூடத்தின் முன்னறையை விட்டுக் கொடுத்தார். முன்பு அங்கே துணிக்கட்டு அடுக்கியிருந்தார்கள். அறைக்கும் தறிகளுக்கும் நடுவில் ஆள் உயரச் சுவர்தான். அதற்கு மேலே ஓடு வரைக்கும் திறந்துதான் கிடக்கும். "ஊருக்கு நடுவுல, நாம வேலை பாக்கிற இடத்துலயே ஆஸ்பத்திரி. இதைவிட என்ன வேணும்!" என்று சித்திக்குப் பெருமை பிடிபடவில்லை. திறப்பு விழாவுக்கு ரிப்பன்கூட வாங்கவில்லை. பேண்டேஜ் துணியையே கட்டி வெட்டினார்கள்.

நர்ஸ் ஞானபாக்கியம் நாசரேத்துக்காரர். மெதுவாகப் பேசுவார். வந்து உட்கார்ந்தார். முதல் நாள் நாலைந்து பேர் போனார்கள். அதோடு சரி. பிறகு தும்மல், தலைவலி என்று ஆண்கள் எட்டிப் பார்த்தார்களே தவிர, பெண்கள் ஒருவர்கூட வரவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் வைகுண்டராஜ் சித்தியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "பொம்பளைங்களுக்காகத்தாம்மா இந்த நர்ஸ். மாசக் கடைசியில நானே வந்து பாக்கேன். அன்னைக்கும் இப்படித்தான்னா, கேட்டுக்கிட்டிருக்கிற வேற ஊருக்கு மாத்திருவேன். என்னைக் குறை சொல்லக்கூடாது."

சித்தி வீடு வீடாகப் போனாள். "வாரேன் மதினி", "நாளைக்கு வாரேன்க்கா" என்று எல்லோரும் சொன்னார்கள். நாளைக்கும் யாரும் வரவில்லை. குருவம்மாள் மட்டும்தான் உண்மையைச் சொன்னாள். சித்திக்குப் பக்கத்துத் தறிக்காரி. வாய் கொஞ்சம் நீளம்.

"எப்படி வருவாளுக? மொத நாளு நான் போனேம்லா. தறிச் சத்தத்துல அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுங் கேக்கல. அதனால கத்திச் சொன்னேன், 'வெள்ளப்படுதும்மா'ன்னு. சொல்லி வாய மூடல, கரண்ட்டு போயிருச்சு. அம்புட்டுத் தறியும் கப்புனு நின்னு போச்சு. நான் சொன்னது மட்டும் ஓட்டுக்குக் கீழ சுத்திக்கிட்டு நிக்கி. சாயங்காலம் டீக்கடையில பால்பாண்டி கேக்கான், 'என்ன மதினி, இப்பத் தேவலையா?'ன்னு. நான் எங்க போய் முட்டிக்கிட!"

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரி, சிரி. ஏட்டி, நீ போனியா?"

சிரிப்பு நின்றது. சித்தி போகவில்லை. அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து கர்ப்பப்பை இறங்கியிருந்தது. நாள் முழுக்கத் தறியில் நின்றுவிட்டு வந்தால் உட்கார முடியாது. சித்தப்பாவுக்கே பாதிதான் தெரியும். ஊருக்கு நர்ஸ் கேட்டு அவ்வளவு அலைந்தவள், அந்த நர்ஸிடம் வணக்கத்தைத் தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று பயந்து, கடல் தாண்டி இரண்டு தடவை போன் போட்டுச் சித்தியிடமே கேட்டேன். "எழுது கண்ணு. ஒளிச்சு வச்சதுதான வினையே" என்றாள். எப்போதும்போல ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடித்திருந்தேன்.

மறுநாள் தறியில் நிற்கும்போது சித்திக்கு யோசனை வந்தது. தறிக்கூடத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை. ஊடை நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்திரிபோல் காட்டுவார்கள். தறியை நிறுத்து என்றால் விரல்களை மடக்கிக் கையை உயர்த்த வேண்டும். முதலாளி வருகிறார் என்றால் மீசையை முறுக்கிக் காட்ட வேண்டும். அவர் மீசையை எடுத்து வெகுகாலமாகியும் அந்தச் சைகை மாறவில்லை. இரண்டு கையையும் முன்னும் பின்னும் ஆட்டினால், எல்லாம் நல்லபடி ஓடுகிறது என்று அர்த்தம். புருஷன் சண்டை முதல் மாமியார் சமையல் வரை பெண்கள் இப்படித்தான் பேசித் தீர்த்தார்கள்.

அப்படியென்றால் நர்ஸிடமும் கையால் பேசினால் என்ன? தறி ஓடினால் ஒரு காதுக்கும் கேட்காது. கதவைச் சாத்திக்கொண்டால் ஒரு கண்ணுக்கும் தெரியாது.

சித்தி முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தப் பக்கம் தறிகள் இடித்துக்கொண்டிருந்தன. ஞானபாக்கியம் நிமிர்ந்து பார்த்தார். சித்தி தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். கையைக் குவித்துக் கீழே இறக்கினாள். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். அவ்வளவுதான். இத்தனை வருஷம் வாய்க்குள் நின்றது, கையில் வந்துவிட்டது.

நர்ஸ் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரும் கையாலேயே கேட்டார்: எத்தனை பிள்ளைகள்? ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா? கொஞ்சம் தப்பும் தவறுமாகத்தான். சித்தி திருத்திக் கொடுத்தாள்.

சாயங்காலமே சேதி தெருவெல்லாம் போய்விட்டது. "தறி ஓடும்போது வாங்க. வாயத் தொறக்க வேண்டாம்." முதலில் குருவம்மாள் போனாள். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராய்ப் போனார்கள். மாதவிடாய்க்கு ஒரு சைகை, நாள் தள்ளிப்போனதற்கு ஒரு சைகை என்று நர்ஸும் பெண்களுமாக உண்டாக்கிக்கொண்டார்கள். மின்சாரம் போனால் நர்ஸ் வாசலுக்கு வந்துவிடுவார்: "கரண்ட் இல்ல, செத்த நேரம் இருங்க."

இதற்கிடையில் டாக்டர் வேறு வேலையாய் அந்தப் பக்கம் வந்தார். அவர் ஜீப் நிற்கவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. பெண்கள் வெளியே உட்கார்ந்திருக்க, நர்ஸ் வாசலில் நிற்கிறார்.

"ஏம்மா சும்மா நிக்கீங்க?"

"கரண்ட் இல்ல சார்."

டாக்டர் அறையை எட்டிப் பார்த்தார். ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு ஊசிப் பெட்டி. "இதுல எதுக்கும்மா கரண்ட்டு?"

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நர்ஸால் விளக்க முடியவில்லை. டாக்டர் ஜீப்பில் ஏறினார். "மாசக் கடைசியில பாத்துக்கிடுவோம்" என்று மட்டும் ஜன்னல் வழியாகச் சொன்னார்.

மாதக் கடைசியில் சித்தி ஊரிலேயே இல்லை. ஞானபாக்கியமே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சேர்த்துவிட்டிருந்தார். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவளுக்கு வலியைவிட ஊர் நினைப்புத்தான். டாக்டர் வந்தாரா? அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்த் தொலைத்ததா? நர்ஸ் இருக்கிறாரா, வேறு ஊருக்குப் பெட்டியைக் கட்டிவிட்டாரா? சித்தப்பாவைக் கேட்டால், "நீ மொதல்ல கஞ்சியக் குடி" என்பதோடு சரி. அவருக்கும் தெரியாது.

சாயங்காலம் வார்டு வாசலில் ஒரு தலை தெரிந்தது. குருவம்மாள். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார். அவள் அவரோடு மல்லுக்கட்டவில்லை. நீட்டிய கைக்கு மேலே தலையை நீட்டிச் சித்தியைப் பார்த்தாள். இரண்டு காதிலும் விரலை வைத்து, அங்கிருந்து நெஞ்சுக்கு ஒரு குழாய் இழுத்தாள்: டாக்டர் வந்தார். கண்ணுக்குக் கீழே விரலை வைத்தாள்: பார்த்தார். மாதவிடாய்க்கும் நாள் தள்ளிப்போனதற்கும் உள்ள சைகைகளை ஒவ்வொன்றாய்ப் போட்டு, டாக்டரைப்போல வாயைப் பிளந்து தலையைச் சொறிந்தாள். சித்திக்குச் சிரிப்பு முட்டியது. தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'முடிவைச் சொல்லுட்டி' என்று கையால் கெஞ்சினாள்.

குருவம்மாள் இரண்டு கையையும் முன்னும் பின்னும் ஆட்டினாள். தறி ஓடுது.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையணையில் சாய்ந்தாள். மாத்திரை கொடுக்க வந்த ஆஸ்பத்திரி நர்ஸ் வாசலைப் பார்த்து, "பாவம், அந்த அம்மாவுக்குப் பேச்சு வராதோ?" என்றார்.

"நல்லா வரும்" என்றாள் சித்தி. "வந்தா ஒங்க ஆஸ்பத்திரி தாங்காது."

அவள் ரகசியமாகத்தான் சொன்னாள். வார்டே திரும்பிப் பார்த்தது.