பைட் கஞ்சமும் கம்பைலரும்

உதடுகள் முணுமுணுக்க, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டிருக்கிறாள். விரல் நிற்கிறது. ஒரு வரியை அழிக்கிறாள். "அப்பாடா, ஒரு பைட் மிச்சம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடிக்கிறாள்.

மின்சாரச் சக்கர நாற்காலி செய்யும் சிறிய பட்டறையின் பின்னறை அது. நாற்காலியின் கைப்பிடிக்குள் விரல்நக அளவில் ஒரு கணினிச் சில்லு இருக்கிறது. கைப்பிடியின் மேலுள்ள குச்சியை எந்தப் பக்கம் சாய்த்தால் எந்தச் சக்கரம் எவ்வளவு சுழல வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது இவள் வேலை. சில்லுக்கு நினைவகம் கொஞ்சம்தான், எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய சில ஆயிரம் பைட். மற்றவர்கள் சி என்ற நிரல்மொழியில் எழுதி, கம்பைலர் என்ற மென்பொருள் அதைச் சில்லின் பாஷைக்கு மாற்றித் தரட்டும் என்று விட்டுவிடுவார்கள். இவள் விடமாட்டாள். ஒவ்வோர் ஆணையையும் சில்லின் பாஷையை ஒட்டிய அசெம்பிளியில் தன் கைப்பட எழுதினால்தான் தூக்கம் வரும். பட்டறையில் நேருக்கு நேர் 'அக்கா'. முதுகுக்குப் பின்னால் 'பைட் கஞ்சம்'. இரண்டும் அவளுக்குத் தெரியும். இரண்டாவதுதான் பிடிக்கும்.

"சி-ல எழுதலாமே" என்று யாராவது சொன்னால், "சீ!" என்று மூக்கைச் சுளிப்பாள். "கம்பைலர் ஓட்டல் சமையல் மாதிரி. வயிறு நிறையும். உள்ள என்ன போட்டான்னு அவனுக்குத்தான் வெளிச்சம்."

வீட்டிலும் அதே சிக்கனம்தான். பயணப் பெட்டி அடுக்கினால் காலணிக்குள் காலுறை, காலுறைக்குள் சீப்பு. "பொறக்கப்போற பிள்ளைக்குப் பேராவது ரெண்டெழுத்துக்கு மேல வைப்பியா?" என்று கணவர் கேட்டார். "பார்க்கலாம்" என்றாள், சிரிக்காமல்.

ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் எகிறியது. ஒரு வாரம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வாரம் பார்த்துத்தானா ஒரு பள்ளி ஆசிரியையின் நாற்காலி, சாய்தளத்தில் ஏறும்போது உதறிக்கொண்டு நிற்க வேண்டும்? அது பட்டறைக்கு வந்து சேர்ந்தது. மின்பலகை செய்யும் சக ஊழியர், எந்நேரமும் பற்றவைப்புக் கம்பியும் கையுமாக இருப்பதால் 'ஈயம்' என்று பெயர் வாங்கியவர், அவளது நிரலைத் திறந்துவைத்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, நினைவகத்துல இந்த இடத்துல வேகம் இருக்குன்னீங்க. இப்ப பார்த்தா பிரேக் இருக்கு."

"வேகத்தைப் படிச்சு முடிச்சதும் அதே இடத்துலதான் பிரேக்கை வைப்பேன். மிச்சம் பிடிக்கணும்ல?"

"எப்ப வேகம், எப்ப பிரேக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அது என் தலைக்குள்ள இருக்கு" என்றாள். மாலையில் ஆசிரியையே அழைத்தார். குரலில் கோபம் இல்லை. "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கேன்மா. என் வகுப்பை வேற ஒருத்தர் பார்த்துக்கறாங்க. எப்ப கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க, போதும்." "நான் எழுந்து வந்ததும் கிடைக்கும்ங்க" என்றாள். அவள் எழுதியது சில்லுக்குள் கச்சிதமாக அடங்கியிருந்தது. அவளைத் தவிர வேறு யார் தலைக்குள்ளும் அடங்கவில்லை. அன்று கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தவளை அந்த நினைப்பு விடவே இல்லை.

எழுந்து வந்ததும் முதல் வேலையாகப் பழுதைச் சரிசெய்து நாற்காலியை அனுப்பினாள். அடுத்த வேலையாக, பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சி-யில் எழுத உட்கார்ந்தாள்.

முதல் முறை கம்பைலர் தந்தது சில்லுக்குள் கொள்ளவே இல்லை. "பார்த்தீங்களா! ரெண்டு பேர் சாப்பாட்டுக்கு அண்டாவைத் தூக்கி வச்சிருக்கு!"

"அண்டா கேட்டது நீங்கதானேக்கா?" என்றார் ஈயம். "சின்ன எண்ணுக்கெல்லாம் பெரிய இடம் ஒதுக்கியிருக்கீங்க. தசமத்துல வேற கணக்குப் போடறீங்க, அதுக்கே பாதி இடம் போகுது."

சுருக்கென்றது. திருத்தினாள். அடங்கியது.

பிறகு கம்பைலர் தந்த அசெம்பிளியை, புது மருமகளின் சமையலறைக்குள் நுழைந்த மாமியார்போல, வரி வரியாகக் கிளறினாள். ஓரிடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பத்தால் வகுக்க இவள் கழித்துக் கழித்துச் சுற்றி வரும் இடத்தில், அது ஒரு பெருக்கலில் ஏறக்குறைய வேலையை முடித்திருந்தது. "அடப்பாவி, இது எனக்குத் தோணலையே!" வயிறு குலுங்கச் சிரித்தாள். உள்ளேயிருந்து பதிலுக்கு ஓர் உதை வந்தது.

எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவசர நிறுத்தம் மட்டும் அசெம்பிளியிலேயே இருக்கிறது. "கம்பைலர் கையில இருக்கறதையெல்லாம் பத்திரமா இறக்கி வச்சிட்டுத்தான் பிரேக்கைத் தொடும். அந்த நிதானம் இங்க ஆகாது." ஈயம் ஒத்துக்கொண்டார், வரிக்கு வரி விளக்கம் மட்டும் கேட்டார். தாராளமாக எழுதினாள். விளக்கம் சில்லுக்குள் போகாது, ஆகவே கஞ்சத்தனத்துக்கு வேலை இல்லை.

பேறுகால விடுப்புக்கு முந்தைய நாள் ஆசிரியை வந்தார். சாய்தளத்தில் நாற்காலி இன்னும் கொஞ்சம் மெதுவாகப் புறப்பட்டால் தேவலை என்றார். இவள் தன் இருக்கையைக் காலிசெய்து, "நீங்க பாருங்க" என்று ஈயத்தை உட்காரவைத்துவிட்டு, பக்கத்து முக்காலியில் அமர்ந்தாள். அவர் தேடினார், படித்தார், யாரையும் கேட்காமல் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஓர் எண்ணை மாற்றிச் சில்லில் ஏற்றினார். ஆசிரியை வாசல் சாய்தளத்தில் ஏறிப் பார்த்தார்.

"வழுக்கிக்கிட்டுப் போகுது! இறங்கறப்பவும் இதே மாதிரி வேணுமே!"

ஈயம் மறுபடி விசைப்பலகைக்குத் திரும்பினார். ஒரே வரியில் முடிவதை மூன்று வரியாக எழுதத் தொடங்கினார். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.