மாமியார் நேர்ந்துகொண்ட கை

உருவிவிட்டால் வலி போய்விடும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். உருவிய பிறகு என்ன செய்யவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். என் வலது தோள் கிணற்றடியில் கெட்டது உண்மைதான். ஆனால் அது ஒருமுறை நன்றாகி, மறுபடி கெட்டது. முதல் தடவைக்குக் கயிற்றைத் திட்டலாம். இரண்டாம் தடவைக்கு யாரைத் திட்டுவது என்றுதான் இத்தனை வருஷமாக யோசிக்கிறேன்.

வெள்ளைக்காரர் காலத்தில், முப்பதுகளின் நடுவில், நாங்கள் முதலியார்பேட்டையில் இருந்தோம். என் புருஷனுக்குத் துறைமுகத்தில் சரக்கு பார்க்கிற வேலை. நான் கன்னியர் மடத்தில் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தேன். பலிபீடத்துத் துணி, துரைமார் வீட்டு மேசை விரிப்பு எல்லாம் எங்கள் கையால்தான் போகும். என் தையலைத் திருப்பிப் பார்த்தால் எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், என்ன இப்போது? பெரிய மரச்சட்டத்தில் துணியைக் கட்டி, கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி ஊசி இழுக்கவேண்டும். அந்த வேலை இருந்ததால்தான் நானும் மாமியாரும் நாள் பூராவும் ஒரே அடுப்படியில் முட்டிக்கொள்ளாமல் இருந்தோம்.

ஒருநாள் தண்ணீர் இறைக்கும்போது வாளி எதிலோ மாட்டிக்கொண்டது. விடாமல் இழுத்தேன். தோளுக்குள் எதுவோ பிசகிப்போனது. மறுநாள் சீப்பை எடுத்துத் தலை வாரமுடியவில்லை. ஒரு மாதம் போனது, கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. ஊசியைத் தொடாமல் நான் பட்ட பாடு சொல்லி மாளாது.

கடலோரம் வைத்திக்குப்பத்தில் ஒருத்தி உருவிவிடுவாள் என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். காலையில் மீன் விற்பாள், மத்தியானத்துக்கு மேல் வலை இழுத்துத் தோள் பிசகியவர்களுக்கு எண்ணெய் போட்டு உருவுவாள். வாய் நிறையப் புகையிலை, பேச்சு நிறைய வசவு. மரியாதை என்பது என்ன விலை என்று கேட்கிற ரகம். எண்ணெயைச் சூடு பண்ணி அவள் கட்டைவிரலை என் தோள்பட்டைக்கு அடியில் கொடுத்தபோது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டபோது கை மார்பு வரைக்கும் வந்தது. அழுதுவிட்டேன். அவள் என் அழுகையைக் கண்டுகொள்ளவே இல்லை.

"நான் உருவறது இந்தச் சித்த நேரந்தான். மிச்சம் பூரா உன் கையிலதான் கீது. கெடுத்துகினு வந்தீன்னா மறுபடி தொடமாட்டேன், பாத்துக்க."

அப்புறம் அவள் சொன்னதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். தோளில் பச்சைத்தண்ணீர் படக்கூடாது, நொச்சித்தழை போட்டுக் காய்ச்சிய தண்ணீர்தான் ஊற்றவேண்டும். வலப்பக்கம் படுக்கக்கூடாது. குடம் தூக்கக்கூடாது. அதற்காகக் கையை மடியில் போட்டு உட்கார்ந்துவிடவும் கூடாது. காலையில் சுவரைப் பார்த்து நின்று, விரலாலேயே சுவரில் ஏறவேண்டும், எறும்பு ஏறுகிற மாதிரி. வலிக்க ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தி இறக்கிவிடவேண்டும். தூக்கின கையை அந்தரத்தில் நிறுத்தி வைக்கவே கூடாது. இதை மட்டும் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். சுவர் தாங்கினால் தோள் பிழைக்கும், தோளே தாங்கினால் செத்தது என்றாள்.

நான் சொன்னபடி செய்தேன். சித்திரை வெயிலில் வீடே முற்றத்தில் கடற்காற்றுக்குப் படுத்துக் கிடக்க, நான் உள்ளறையில் வேர்த்து வழிந்துகொண்டு இடப்பக்கமாகக் கிடந்தேன். காலையில் எழுந்ததும் சுவர். விரல் எட்டிய இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போடுவேன். முதலில் மார்பு உயரத்தில் ஒரு கோடு. பிறகு அதற்கு ஒரு விரற்கடை மேலே ஒன்று. சில நாள் ஏறாது, அன்றைக்கு யார் பேசினாலும் எரிந்து விழுவேன். மறுபடி ஏறும். வாரத்துக்கு ஒருதரம் குப்பத்துக்காரியிடம் போய் வருவேன்.

மாமியாரைப் பற்றியும் உள்ளதைச் சொல்லவேண்டும். என்னைத் தண்ணீர்க் குடத்துப் பக்கமே விடவில்லை. வெயிலில் நடந்து போய் நொச்சித்தழை ஒடித்துக்கொண்டு வந்தார், வெந்நீரை அவரே என் தோளில் ஊற்றினார். என் மேல் பாசம் இல்லாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பாசம் இல்லாதிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

கோடு தோள் உயரத்தைத் தாண்டிய அன்று கையைத் தலைக்குக் கொண்டுபோய் நானே கொண்டை போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்து மாமியார் சிலுவை போட்டுக்கொண்டு தரையில் முழங்கால் போட்டுவிட்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மருமகள் கை எழும்பினால், மாதாவுக்கு நவநாள் வைத்து, ஒன்பது சாயங்காலமும் அவளே முழங்காலில் நின்று இரண்டு கையையும் சிலுவை மாதிரி விரித்துக்கொண்டு முழுச் செபமாலையும் சொல்வாள் என்று அவர் நேர்ந்துகொண்டிருக்கிறார். எனக்காக. என்னைக் கேட்காமல்.

தூக்கின கையை நிறுத்தி வைக்கக்கூடாது என்று குப்பத்துக்காரி சொல்லியிருக்கிறாளே, இன்னும் இரண்டு மாதம் போகட்டுமே என்று கெஞ்சினேன். புருஷனைப் பார்த்தேன். அம்மா நேர்ந்துகொண்ட பிறகு நான் என்ன செய்ய என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நல்ல மனிதர், அப்படித்தான் எப்போதும் போவார்.

மாமியார் என் கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்: "குடுத்தவ மாதாதானே கண்ணு. நேந்தத செய்யலன்னா, குடுத்தத திருப்பி எடுத்துக்குவா. எனக்கு பயமா இருக்குது."

எனக்கும் அதே பயம் வந்துவிட்டது. அதுதான் உண்மை. குப்பத்துக்காரியின் வசவைவிட மாதாவின் கோபம் பெரிதாகத் தெரிந்தது.

நவநாளுக்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், என் கரிக்கோடுகள் எல்லாம் போயின. மாதா சுரூபத்துக்குப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பின்னால் உட்கார்ந்து பதில் சொல்ல, நான் முன்னால் கையை விரித்துக்கொண்டு முழங்காலில் நின்றேன். முதல் நாள் செபமாலையில் முதல் பத்து மணிகளுக்கான செபம் முடிவதற்குள் தோளில் தீ வைத்த மாதிரி இருந்தது. கை இறங்க இறங்க மாமியார் அழுதுகொண்டே வந்து முழங்கைக்கு அடியில் கை கொடுத்து ஏற்றிவிட்டார். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு வலியில் வந்த கண்ணீரையும் பக்திக்கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். இப்படியே ஒன்பது சாயங்காலமும் போனது. கடைசி நாள் பாயசம் வைத்து எல்லோருக்கும் கொடுத்தோம். என் கிண்ணத்தை இடது கையால்தான் வாங்கினேன்.

அதற்குப் பிறகு தோள் இறுகிப்போயிற்று. குப்பத்துக்காரியிடம் போனேன். தோளைத் தொட்டுப் பார்த்தாள். என்ன செய்தேன் என்று கேட்டாள், சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. போய் வா என்று மட்டும் சொல்லிவிட்டு மீன்கூடையைக் கழுவப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும். மடத்தில் சில நாள் நூல் பிரிக்க உட்காரவைத்தார்கள். பிறகு என் சட்டத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள். நான் அடுப்படிக்குத் திரும்பினேன், மாமியாரோடு.

மனசு ஆறாமல் ஒருநாள் கோயிலில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில், சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மாதாமேல் கோபமாக இருக்கிறேன், இது பாவமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்கிற நினைப்பில்தான் சொன்னார்:

"ஒருத்தர் நேந்துகிட்டது இன்னொருத்தர கட்டாதும்மா. நீ செய்யணும்னே இல்லையே. முன்னாடியே வந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

வீட்டுக்குப் போய் மாமியாரிடம் இதைச் சொல்லி அவரை ஒரேயடியாக நொறுக்கவேண்டும் என்று வெறியோடு நடந்தேன். போனபோது அவர் எனக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. அவர் சாகிறவரைக்கும் சொல்லவில்லை. அவர்மேல் இரக்கத்தால் என்று நினைக்கவேண்டாம். சொன்னால் அதற்கும் ஒரு நேர்ச்சை வைப்பார் என்று பயம்.

இப்போதும் என் வலது கை மார்புக்கு மேலே வராது. கோயிலில் சிலுவை போடும்போது கை நெற்றிக்குப் போவதில்லை, நெற்றியைத்தான் கைக்குக் குனிந்து கொண்டுவருகிறேன். பின்வரிசைப் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டி, பாரு, எவ்வளவு தாழ்ச்சியாகக் கும்பிடுகிறார்கள் என்று சொல்கிறார்கள்.