ஒரு ‘யே’வால் வந்த கோபம்

மருந்துக்கடை அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் வந்து நின்றால், கேட்பவர் எவ்வளவு பெரிய மனுஷராக இருந்தாலும் தூக்க மாத்திரை கொடுக்க மாட்டாள். நாற்பதைத் தாண்டிய வயது, கொஞ்சம் பூசினாற்போல உடம்பு, நாளெல்லாம் நின்றே வேலை. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று அவள் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அது சுத்தப் பொய். மூக்குவரை வந்திருந்தால்தான் தேவலையே. வந்ததையெல்லாம் விழுங்கி விழுங்கித் தொண்டைக்குக் கீழேயே போட்டு அமுக்கி வைத்திருந்தாள்.

அன்றைக்கு ஒருவன் சீட்டில்லாமல் வந்தான். மாத்திரை தர முடியாது என்றாள். அவன் கையில் வைத்திருந்த காலி மாத்திரை அட்டையை அவள் முகத்தில் விட்டெறிந்தான். அட்டையின் ஓரம் பட்டுக் கன்னத்தில் ஒரு கீறல். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடி வந்த முதலாளி, அவனை ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பக்கம்தான் திரும்பினார்.

“ஒரு சாரி சொல்லிடும்மா. ரெகுலர் கஸ்டமர். நாமதான் அனுசரிச்சுப் போகணும்.”

சொன்னாள். சொல்லிவிட்டு வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருந்தது. அடி வாங்கியது இவள், மன்னிப்புக் கேட்டதும் இவள். இது எந்த ஊர் நியாயம்?

அந்த வேகாளத்தோடு வீட்டுக்கு நடந்தபோதுதான் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த பலகை கண்ணில் பட்டது. தினமும் பார்க்கிற பலகைதான், அன்றைக்குத்தான் படித்தாள். ‘முவாய் தாய் - தாய்லாந்துக் குத்துச்சண்டை. ஆண் பெண் இருபாலருக்கும். முன் அனுபவம் தேவையில்லை.’ நேராகப் படியேறிவிட்டாள்.

மேலே வியர்வை நாற்றமும் ரப்பர் நாற்றமும் ஒன்றாய்க் கலந்து மூக்கைத் துளைத்தன. சங்கிலிகளில் குத்திப் பழகுகிற கனத்த மூட்டைகள் தொங்கின. முப்பது வயது மதிக்கத்தக்க மாஸ்டர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

“வெயிட் லாஸா ஆன்ட்டி? அது சாயந்தரம், டான்ஸ் பேட்ச்.”

“நான் டான்ஸ் கேட்கலை. வெளியில போர்டுல போட்டிருக்கீங்களே, அதைத்தான் கேட்டு வந்தேன்.”

மாஸ்டர் அவளை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். துணிக்கடையில் நமக்குக் கட்டுப்படியாகாத புடவையை எடுத்துக் காட்டச் சொன்னால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. “அது அடிதடி ஆன்ட்டி. முட்டி, முழங்கை எல்லாம் போடணும்.”

“எனக்கும் ரெண்டு முட்டி, ரெண்டு முழங்கை இருக்கு” என்றாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “மூவாய் தாயா? உனக்கிருக்கிற ஒரு வாயையே என்னால சமாளிக்க முடியலை. இன்னும் ரெண்டு வாய் வேணுமாக்கும்!” என்றார். அவள் அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தட்டில் சோறு பாதி மிச்சம் இருந்தது.

வகுப்பு காலையில், கடை திறப்பதற்கு முன். கையில் நீளத் துணியைச் சுற்றிக் கட்டுவதே பெரும்பாடாக இருந்தது. மற்றவர்கள் பேசிக்கொண்டே சுற்றிவிடுவார்கள். இவள் சுற்றியது அடிபட்ட விரலுக்குக் கட்டுப் போட்டாற்போல முண்டும் முடிச்சுமாக நிற்கும். பொதுவுக்குக் கிடக்கும் கையுறைக்குள் விரலை விட்டால் ஈரம். யாருடைய வியர்வையோ! குமட்டிக்கொண்டு வரும். கயிறு தாண்டச் சொன்னால் கயிறு அவள் காலைத் தாண்டாது. இதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. புதிதாகக் கற்கிறவள்தானே, வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

பொறுக்க முடியாதது வேறு. ஜோடி சேர்த்துப் பயிற்சி என்று வந்தால் மாஸ்டர் அவளை மட்டும் மூலைக்கு அனுப்பிவிடுவார். “நீங்க பேக்கை அடிங்க ஆன்ட்டி. சூப்பரா போயிட்டிருக்கு.” என்ன போயிட்டிருக்கிறது என்று பார்க்கவே அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை. அவளுக்குப் பின்னால் சேர்ந்த விடலைகளெல்லாம் காலைச் சுழற்றி உதைக்கக் கற்றுக்கொண்டு விட்டார்கள். இவள் இன்னும் அந்த மூட்டையோடுதான் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தாள். அதே மூலையில் இன்னொருத்தியும் இருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ், ஒல்லிக்குச்சி. “என்னை உடைஞ்சு போயிடுவேன்னு ஒதுக்கி வெச்சிருக்காரு. உங்களை உட்கார்ந்துடுவீங்கன்னு” என்று ஒரு நாள் காதில் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். ஆனால் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அப்போதுதான் அந்தப் பேனர் வந்தது.

டயர் கடைப் படிக்கட்டின் ஓரம், போகிற வருகிறவர்கள் பார்க்காமல் தப்ப முடியாத இடத்தில், ஆளுயரத்துக்கு அவள். வாய் பிளந்து, முடி நெற்றியில் ஒட்டி, சட்டையெல்லாம் வியர்வை. மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். யார் எடுத்தது, எப்போது எடுத்தது, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. மேலே கொட்டை எழுத்தில்: ‘இவங்களாலேயே முடியுதுன்னா, உங்களால முடியாதா?’

இவங்களால என்று போட்டிருந்தால்கூட அவள் பொறுத்துப் போயிருப்பாள். இவங்களாலேயே! அந்த ஒரு ‘யே’ அவளை நடுத்தெருவில் நிற்க வைத்துவிட்டது.

கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் ஒருவர் விடாமல் கேட்டார்கள். முதலாளி, “என்னம்மா, மாடல் ஆயிட்டே போல!” என்று கெக்கெக்கே என்று சிரித்தார். வீட்டுக்காரர், “விடு, நாலு பேருக்குத் தெரியுற மாதிரி உன் மூஞ்சி வருது, நல்லதுதானே?” என்றார். எல்லோருக்கும் அவள் முகம்தான் இளக்காரமாகக் கிடைத்தது.

மறுநாள் காலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே நடுவில் போய் நின்றாள். கையில் துணிகூடச் சுற்றவில்லை.

“மாஸ்டர், கீழே இருக்கிற படம் யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“அட ஆன்ட்டி, பாசிட்டிவா எடுத்துக்கோங்க. உங்களைப் பார்த்து நாலு பேர் இன்ஸ்பயர் ஆவாங்க.”

“நாலு பேர் அப்புறம் ஆகட்டும். நான் சேர்ந்ததிலிருந்து எனக்கு ஒரு உதை சொல்லிக் கொடுத்திருக்கீங்களா? ஒரே ஒரு உதை? நீங்க கத்துக்கொடுக்காத வித்தைக்கு என் மூஞ்சி விளம்பரமா?”

குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் கையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார்கள். மாஸ்டரின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

“எனக்கும்தான் சொல்லிக் கொடுக்கலை” என்று மூலையிலிருந்து நர்ஸின் குரல் வந்தது. “அக்கா கேட்கிறதுல என்ன தப்பு?”

“சரி ஆன்ட்டி, சரி. நாளைக்கு எடுத்துடச் சொல்றேன்.”

“நாளைக்கு இல்லை. இப்போ.”

“ஆள் வரணும் ஆன்ட்டி...”

ஆள் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. தடதடவென்று படியிறங்கினாள். டயர் கடைக்காரர் என்ன ஏது என்று கேட்கவில்லை. பேனரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளே போய் ஏணியைக் கொண்டு வந்து சாத்திப் பிடித்துக்கொண்டார். “நேத்தே நெனைச்சேன்மா, இது சரியில்லையேன்னு” என்றார். நேற்றே நினைத்தவர் நேற்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபமும் வந்தது. ஏணி பிடிக்கிறாரே என்று அதை விட்டுவிட்டாள். முடிச்சுகளை நகத்தாலேயே அவிழ்த்தாள். தன் முகத்தைத் தானே பாய்போலச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபடி மேலே போனாள். சுருளை மாஸ்டரின் மேஜைமேல் வைத்தாள்.

“இப்போ சொல்லிக் கொடுங்க.”

வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மாஸ்டருக்கு வேறு வழியில்லை. வயிற்றுக்கு முன்னால் கனத்த மெத்தைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை எப்படி உயர்த்த வேண்டும், பாதத்தை எப்படி நேராக நீட்டித் தள்ள வேண்டும் என்று காட்டினார். அவள் காலைத் தூக்கினாள், தள்ளினாள். மாஸ்டர் அசையவில்லை. இவள்தான் பின்னால் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள். யாரோ ஒரு விடலை களுக்கென்று சிரித்தான். நர்ஸ் திரும்பி ஒரு முறை முறைத்தாள், சிரிப்பு நின்றது.

“நிக்கிற கால்ல பலம் வைங்க” என்றார் மாஸ்டர். முதல் தடவையாக ஆன்ட்டி என்ற ஒட்டு இல்லாமல் வந்த பேச்சு அது.

எழுந்தாள். மறுபடி உதைத்தாள். மறுபடியும். எந்த உதையில் என்று அவளுக்குத் தெரியாது, மாஸ்டர் அரை அடி பின்னால் நகர்ந்தார்.

மாஸ்டர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளே பழையபடி ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார். கடையிலும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. இன்னொரு முறை ஒருவன் குரலை உயர்த்தி, முதலாளி வழக்கம்போல அவள் பக்கம் திரும்பியபோது, “சாரியை நீங்களே சொல்லிக்கோங்க சார், எனக்குத் தோணலை” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவருடைய சீட்டை வாங்கினாள். முதலாளி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்போது அவளும் நர்ஸும் ஜோடி. ஒல்லிக்குச்சி என்று நினைத்தால், அவள் உதை தொடையில் விழுந்த இடம் கத்தரிக்காய் நிறத்துக்குக் கன்றிப் போகிறது. “மெதுவா போடுடி, நாளெல்லாம் நிக்கணும்” என்று இவள் கத்துவாள். “நீங்க மட்டும் பூவாலயா அடிக்கிறீங்க அக்கா?” என்று அவள் கத்துவாள். பட்டையைப் பிடிக்கிற முறை யாருடையது என்பதில் தினமும் சண்டைதான். மாஸ்டர் வந்து விலக்கிவிட வேண்டியிருக்கிறது.