கோட்டு பிடித்து நின்றவர்

கென்சோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பல்கேரியாவில், துந்ஜா ஆற்றங்கரை ஊரொன்றில் தபால்காரர். சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது; பிடிவாதம் கூடவே பிறந்தது. ஒரே மகள் ரூமி ஏழு வருடமாக ஸ்பெயினில் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்க்கிறாள். கடைசியாக அவள் ஊருக்கு வந்தது மூன்று வருடம் முன்பு, அம்மாவின் சாவுக்கு.

ஜனவரி ஆறாம் தேதி, ஏசுவின் ஞானஸ்நானத் திருநாளில், பாதிரியார் சிலுவையை ஆற்றில் எறிவார். பனிக்கட்டியை உடைத்துவிட்டு, ஆண்கள் பூவேலைச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் கைகோத்து ஆடுவார்கள். இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். வரிசையின் கடைசி ஆள் கென்சோ. கேமரா தன் பக்கம் திரும்பியதும் தொப்பியைக் கழற்றி மூன்று தடவை ஆட்டுவார். அது ரூமிக்காக. அந்த ஒரு நிமிடத்துக்காக வருடம் முழுக்க ஏங்குவார்.

டிசம்பரில் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர் தோனேவா எக்கோவும் எடுத்தார்.

"இதயம் ரத்தத்தைத் தள்ளுறது நல்லாத்தான் இருக்கு. ஆனா சுருங்கின தசை மறுபடி தளர நேரமாகுது. இது ஆரம்பம்."

"எனக்கு ஒண்ணும் செய்யலையே டாக்டரம்மா. நேத்துகூட சைக்கிள்லதான் போனேன்."

"மேட்டுல மிதிச்சீங்களா, இறங்கித் தள்ளினீங்களா?"

"கடைசி மேட்டுல மட்டும் தள்ளினேன்."

"வயசாயிடுச்சுன்னு நினைச்சிருப்பீங்க. மூச்சு முட்டுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே தெரிஞ்சது நல்லது. மாத்திரை சாப்பிடுங்க, நடங்க. ஐஸ் தண்ணியில இறங்குறது மட்டும் வேண்டாம்."

மண்டையை ஆட்டிவிட்டு வந்தாரே தவிர, இறங்குவதென்றுதான் இருந்தார். ஆறாம் தேதி காலை சட்டைகூடப் போட்டாயிற்று. பூட்ஸைக் கழற்றக் குனிந்தபோதுதான் ஒன்று உறைத்தது. தண்ணீரில் தனக்கு ஏதாவது ஆனால் ரூமி உடனே வந்துவிடுவாள். அவள் வரவேண்டும் என்றுதான் தவியாய்த் தவிக்கிறார். ஆனால் இன்னொரு சாவுக்காக வரவேண்டாம்.

"என்னடா, தண்ணி குத்துதா?" என்று சீண்டினான் மேளக்காரன் மின்கோ.

"கோட்டு பிடிக்க ஆள் வேணும்ல. நீ போய் அடி."

ஏழெட்டுப் பேரின் கோட்டுகளைச் சுமந்து கரையில் நின்றார். கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டம் முடிவதற்குள் கைபேசி அடித்தது.

"எங்கப்பா இருக்கீங்க? தண்ணியில உங்களைக் காணோமே."

"கரையில இருக்கேம்மா." டாக்டர் சொன்னதையும் சொன்னார். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு வருஷமும் நீங்க கரையேறுற வரைக்கும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுதான் பார்ப்பேன், தெரியுமா? அடுத்த வருஷமும் இறங்காதீங்க. நான் வந்து பக்கத்துல நிக்கிறேன். பாதிக் கோட்டை என்கிட்ட குடுங்க."

வருகிறேன் என்று அவள் மூன்று வருடமாகச் சொல்கிறாள். எங்கே நிற்பாள் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. கென்சோ கோட்டுகளையெல்லாம் ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குத் தள்ளி நின்றார்.